உன் அப்பாவின் கையில் வெந்நீர் ஊற்றியவள் எழுதுவது

மகனே,

முதலில் என்னை மன்னித்துவிடு. பெற்ற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைப் பத்திரிகையில் எழுதுகிறவள் என்ன அம்மா என்று நீ நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் எனக்குப் பேச வராது. எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். வாங்கியும் வாய் திறக்கவில்லை. கம்பெனியில் லைனில் ஏதாவது தப்பு கண்டுபிடித்தால்கூட, சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். பேசுவதைவிடப் பார்ப்பதுதான் எனக்கு வரும். பார்த்ததை எழுத வரும். இதை வேறு பெண்களும் படிப்பார்கள் என்பதால் யார் பெயரும் போடவில்லை. உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, நம்மோடு இல்லாத உன் அப்பாவோடு போய்விட்டு வந்தாய். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாய்: "அம்மா, அப்பா கைல நீதான சுடுதண்ணி ஊத்துன?" ஆமாம் என்றேன். "ஏன்?" என்றாய். வா, சாப்பிடலாம் என்றேன். நீ தட்டைத் தள்ளிவிட்டாய். எழுந்து வந்து என் வயிற்றில் ஓங்கி ஒரு குத்து விட்டாய். நாலு வயதுக் கை, வலி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஓங்கும்போது கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாய். அந்த முகத்தை நான் இதற்கு முன்பு பலமுறை கீழே கிடந்தபடி பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு மீசை முளைத்து, ஒரு பெண் உன்னை நம்பி உன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும். படித்த பிறகும் நான் செய்தது தப்பு என்று தோன்றினால் தோன்றட்டும். அந்த ஓங்கிய கை மட்டும் உன்னோடு வளரக் கூடாது.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவார்கள். என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டதால் வடக்குப்பட்டில் உன் அப்பா வீட்டிலேயே இருந்தேன். நீ லேசில் வெளியே வரவில்லை. பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் ஸ்டூல் போட்டு ஏறி, முழங்கையால் என் வயிற்றை மேலிருந்து கீழாக அழுத்தினார். இன்னொருத்தர் தொடையில் அறைந்து, "பண்ணும்போது இனிச்சிது, இப்ப கத்தறியா?" என்றார். ஆயுதம் போட்டு உன்னை இழுத்தார்கள். நான் கிழிந்தேன். தைத்தார்கள். எங்கே கிழிந்தது, எவ்வளவு கிழிந்தது, இனி நான் எப்படி உட்கார வேண்டும், எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆண் பிள்ளை என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வயிற்றில் தண்ணீர் அடிக்கும் வேலை தொடங்கியது. நீ இதைப் பார்த்திருக்க மாட்டாய், ஆண்கள் யாரும் பார்ப்பதில்லை. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு அடைத்த குளியலறை. அண்டாவில் நொச்சித் தழை போட்டுத் தண்ணீர் கொதிக்கும். பிள்ளை பெற்றவளைக் கல்லில் உட்கார வைத்து, எட்டி நின்று, சொம்பு சொம்பாக மொண்டு வயிற்றில் பலமாக வீசி அடிப்பார்கள். உன் அப்பாவைப் பெற்ற ஆயாதான் அடித்தார். நான் கையால் மறைத்தால் கையிலும் விழும். "கைய எட்றீ! வயிறு உள்ள போவணுமா வாணாமா? நாளிக்கி பானையாட்டம் தூக்கிக்கினு நிப்ப, ஊரு என்னத்தான் கேக்கும்." தோல் சிவந்து, பிறகு கன்றிப்போகும். உன் ஆயாவுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. அவருக்கும் இப்படித்தான் அடித்தார்கள். தலை துவட்டும்போது என் காதுக்குப் பின்னால் சாம்பிராணிப் புகை காட்டி, எனக்குப் பூண்டுக் குழம்பு வைத்துப் போட்டவரும் அவர்தான்.

குளித்ததும் பழைய வேட்டியை மடித்து வயிற்றில் இறுக்கிக் கட்ட வேண்டும். உன் ஆயாவின் விரல்களில் முட்டி வாதம். எவ்வளவு இழுத்தும் கட்டு நழுவிக்கொண்டே இருந்தது. உன் அப்பா அப்போது ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். லாரியில் ஏற்றிய சரக்கு ஆடாமல் இருக்க ஒரு பெல்ட் போட்டு இறுக்குவார்கள். அகலமான நாடா, நடுவில் ஓர் இரும்புப் பிடி. அந்தப் பிடியை மேலும் கீழும் ஆட்ட ஆட்டப் பெல்ட் கடக் கடக் என்று இறுகிக்கொண்டே போகும். தானாகத் தளராது. அப்படி ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் நான் உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். "நாலு டன்னு மெசினே ஆடாம நிக்கிது, உன் வயிறு நிக்காதா?" என்று சிரித்தார். உன் ஆயாவும் சிரித்தார். "கெட்டிக்காரன்டா நீ." உன் அப்பா என் இடுப்பில் முழங்காலை ஊன்றிப் பிடியை ஆட்டினார். நானும் சிரிக்க முயன்றேன். மூச்சு உள்ளே போகவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று இடம்பெயர்ந்து கீழே இறங்கியதை அன்றைக்கே உணர்ந்தேன். அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஓர் ஆணிடம் எப்படிச் சொல்வது?

பிறகு சிறுநீர் நிற்கவில்லை. இருமினால், தும்மினால், உன்னைத் தூக்கினால் புடவை நனைந்தது. குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தால், கீழே ஒரு எலுமிச்சம்பழம் வந்து நிற்பதுபோல் இருந்தது. ஒருநாள் விடியற்காலையில் நாம் மூன்று பேரும் படுத்திருந்த பாய் நனைந்துவிட்டது. உன் அப்பா முதலில் நீதான் என்று நினைத்தார். உன் இடுப்புத் துணி காய்ந்திருந்தது. "இன்னாடி இது? கொயந்தைக்கு ஒரு மூத்திரத் துணி, உனக்கு ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்பு அவர் என்னை அடித்ததில்லை. அதற்குப் பிறகு அடிக்காத வாரம் இல்லை. நாற்றம் என்று அடித்தார். சோற்றில் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டும் நாற்றத்துக்காகவே அடித்தார். தையல் ஆறுவதற்கு முன்னால் என்னிடம் வந்தார். வேண்டாம், வலிக்கிறது என்றேன். என் வாயைக் கையால் பொத்தினார். இதற்கு மேல் அதை ஒரு மகனுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை. எழுதாமல் விட்டுவிடவும் மனசு வரவில்லை. நீ ஒரு ஆணாக இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது கணவனின் உரிமை இல்லை. ஆறாத புண்ணில் விழுந்த இன்னொரு அடி.

லீவு முடிந்து கம்பெனிக்குத் திரும்பினேன். கார்களுக்கு வயர் செட் செய்கிற கம்பெனி. ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே பார்க்கிற வேலை. யூனிஃபார்முக்குள் துணி வைத்து, அதன் மேல் துணி வைத்து நின்றேன். ஒரகடம் கூட்டுரோட்டில், லைனில் நின்று முதுகு பிடித்துப்போன பையன்கள் போகிற ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக் இருந்தது. பிள்ளை பெற்ற பெண்களும் வரலாம் என்று அதன் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பல நாள் பஸ் ஜன்னல் வழியாகவே படித்தேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது கூட்டுரோடு நிறுத்தத்துக்கு முன்பே புடவை நனைந்துவிட்டது. அப்படியே இறங்கி உள்ளே போனேன்.

அந்தப் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, அங்கேயே வாடகைக்கு இருப்பவர். "வாங்க மதினி, உக்காருங்க. ஏன் இப்படிப் பயப்படுதிய? நான் ஊசில்லாம் போட மாட்டேன்" என்றார். நான் வந்த காரணத்தைச் சொல்வதற்கே ரொம்ப நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. தும்மும்போது போகுதா, பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது போகுதா, கீழே பாரமாக இருக்கா, காற்றை அடக்க முடியுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் பற்றிக் கேட்பது போலவே கேட்டார். படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். தசை இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. என் விரலையும் பிடித்து அதில் வைத்துக் காட்டினார். என் உடம்பில் அப்படி ஓர் இடம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் இடுப்பைச் சுற்றியிருந்த தடத்தைப் பார்த்தார். "இது என்ன, பெல்ட் தடமா? யாரு கெட்டுனா?" சொன்னேன். "லாரி பெல்ட்டா? நீங்க என்ன பார்சலா மதினி, எந்த ஊருக்கு அனுப்பப் போறாவளாம்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கொஞ்சம் சிறுநீர் போனது. பிறகு அழுதேன். அவர் என் தோளில் இருந்த கன்றல்களையும் பார்த்தார். கதவைத் தாழிட்டுவிட்டு வந்து சொன்னார்: "அடியில தொட்டில் மாதிரி ஒரு தசை உண்டு. மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்கிக்கிட்டு இருக்கு. அதுல எவ்வளவு பலம் மிச்சம் இருக்குன்னு உள்ள விரல் வச்சுப் பாத்தாத்தான் தெரியும். உங்களுக்குச் சரின்னா மட்டும் பாப்பேன். வேண்டாம்னா வேண்டாம், வேற வழியில பாக்கலாம். நடுவுல போதும்னு சொன்னாலும் நிப்பாட்டிருவேன்." கல்யாணம், பிரசவம், தண்ணீர், பெல்ட் எல்லாம் கடந்து வந்த உடம்பு இது. யாரும் இதைத் தொடுவதற்கு முன் என்னைக் கேட்டதே இல்லை. சரி என்றேன். பாதியில் ஒருமுறை போதும் என்றேன், நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காக. நிறுத்தினார். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு நானே தொடரச் சொன்னேன்.

அடி தள்ளியிருக்கிறது, அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கியிருக்கிறது, ஆனால் ரொம்ப இல்லை என்றார். மகளிர் டாக்டரையும் ஒருமுறை பார்க்க அனுப்பினார். அவரும் அதையே சொன்னார். வயிற்றைக் கட்டி இறுக்கினால் உள்ளே இருக்கிற எல்லாமும் கீழே போகத்தானே பார்க்கும், பேஸ்ட் ட்யூப்பை நடுவில் அமுக்குவது போல என்று பிசியோ விளக்கினார். கட்டக் கூடாது, தண்ணீர் கேன் தூக்கக் கூடாது, பிள்ளையைத் தூக்கலாம், ஆனால் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். வலி போகும்வரை கணவரிடம் தனியாகப் படுக்கச் சொல்ல வேண்டும். "கதவுக்கு வெளிய போனதும் இதச் சொல்ல முடியுமா மதினி உங்களால?" என்று கேட்டார். முடியும் என்று பொய் சொன்னேன்.

பொய்யாகவே விட்டிருக்கலாம். ஆனால் அந்த வார ஞாயிறு காலை உன் அப்பா பெல்ட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். உன்னைக் குளிப்பாட்ட அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உன் ஆயா கால் நீட்டி உன்னைப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்தேன்.

"இனிமே கட்டக் கூடாதுன்னு சொன்னாங்க. கட்னாதான் இறங்குதாம்."

"எவ சொன்னா?"

"பிசியோ. செக் பண்ணிப் பாத்துட்டுதான் சொன்னாங்க."

"இன்னா செக்கு? உள்ள கைய வுட்டுப் பாத்தாளா?"

"என்னக் கேட்டுட்டுதான் பாத்தாங்க."

"உன்னக் கேட்டாளா? என்னக் கேட்டாளாடி?"

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அடித்தது எல்லாம் அதற்குப் பிறகுதான். முடியைப் பிடித்து இழுத்து, துவைக்கிற கல்லில் என் தலையை மோதினார். விழுந்தவளை வயிற்றிலேயே மிதித்தார். "எம் பொருளுக்கு எவடி கை வைக்கறது?" பெல்ட்டை நைட்டியின் மேலேயே சுற்றி, என் மேல் ஏறி மண்டியிட்டு, பிடியை ஆட்டினார். கடக், கடக், கடக். உன் ஆயா, "டேய், வுடுடா, பச்ச ஒடம்புடா" என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. நீ வீறிட்டு அழுதாய். மூச்சு முழுக்க நின்றது. கண் இருட்டியது. கீழே எல்லாம் என்னைவிட்டு வெளியே போவது தெரிந்தது, சிறுநீர் சிமெண்டுத் தரையில் ஓடி அவர் முழங்காலை நனைத்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒருமுறை ஆட்டினார். என் கைக்கு எட்டியது அண்டாவின் விளிம்பில் இருந்த சொம்பு. மொண்டு, பிடியின் மேலிருந்த கையில் அடித்தேன். அவர் கத்திக்கொண்டு கையை இழுத்தார். மறுபடி மொண்டு அடித்தேன். முதல் சொம்பு என் உயிருக்காக. இரண்டாவது சொம்புக்கு அப்படி ஒரு காரணம் இல்லை. உனக்கு நான் பாதி உண்மை சொல்லக் கூடாது அல்லவா?

உன் ஆயா உன்னைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னைக் கொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மகன் கதறிக்கொண்டிருந்தான். ஆனால் அவர் முதலில் என்னிடம்தான் குனிந்தார். வளையாத அந்த விரல்களால் பிடியை நெம்பித் தூக்கிப் பெல்ட்டைத் தளர்த்தினார். மூச்சு உள்ளே வந்தது. அதற்குப் பிறகுதான் தொட்டித் தண்ணீரை அவர் மகன் கையில் ஊற்றப் போனார். திரும்பாமலே சொன்னார்: "எயிந்திரு. கொயந்தைய எட்த்துக்கினு போய்டு. அவன் எயிந்தான்னா உன்ன வுட மாட்டான்." நனைந்த நைட்டியோடு, எண்ணெய் வழுக்குகிற உன்னை மார்பில் அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோ ஏறினேன். பிசியோ பாதி ஷட்டரை இறக்கிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அவர்தான் கூடவே வந்தார். ஸ்டேஷனில், "படிச்ச பொண்ணும்மா நீ, புருஷன் கைல சுடுதண்ணி ஊத்தலாமா?" என்று கேட்டார்கள். பிசியோ என் இடுப்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு அவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

ஊரில் உன் ஆயா, மருமகள் வெந்நீர் ஊற்றிவிட்டாள் என்று மட்டும் சொன்னார். பெல்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அதுதான் உன் காதுவரை வந்திருக்கிறது. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் வாய் சொல்லாமல் விட்ட மிச்சப் பாதியை, பெல்ட்டைத் தளர்த்திய அவர் கைகள் அன்றே சொல்லிவிட்டன. உன் அப்பாவின் விரல்கள் மடங்காமல் போய், அவரும் எங்கேயோ பல மாதம் பிசியோவுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். யாரோ அவர் கையைப் பிடித்து, வலிக்குதா, நிறுத்தட்டுமா என்று கேட்டிருப்பார்கள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை.

என் உடம்பு மெதுவாகத்தான் திரும்பி வந்தது. முதல் மாதங்களில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தசை எங்கே இருக்கிறது என்றே பிடிபடாது. பிசியோ, "லிஃப்ட் மேல போகுதுன்னு நினைச்சிக்கிடுங்க" என்பார். நான் லிஃப்டில் போனதே கம்பெனியில்தான், அதுவும் சரக்கு லிஃப்ட் என்பேன். "அப்ப சரக்க மேல ஏத்துங்க மதினி" என்பார். லைனில் நிற்கும்போது வயரைப் பார்த்துக்கொண்டே உள்ளே இழுத்துப் பிடித்துத் தளர்த்துவேன். யாருக்கும் தெரியாது. ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், ஏறி உட்கார்ந்த பிறகுதான் துணி காய்ந்திருப்பது தெரிந்தது. கண்டக்டர் கேட்கும்வரை டிக்கெட் வாங்க மறந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது உன்னைத் தூக்குகிறேன், நீ எவ்வளவு கனத்தாலும். நல்ல ஜலதோஷம் பிடித்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் போகும்.

உன் மனைவி பிள்ளை பெற்று வரும்போது அவள் வயிற்றைப் பார்த்து எதுவும் சொல்லாதே. உள்ளே போகிறதா வெளியே நிற்கிறதா என்று அளக்காதே. நல்லது செய்கிறேன் என்று கிளம்பும்போதுதான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்; உன் அப்பாவும் முதல் நாள் நல்லதுதான் செய்ய வந்தார். ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆனதும், நீயே அவளைப் பிசியோவிடம் கூட்டிப்போ. பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே உட்கார். அவள் வெளியே வந்து சொன்னால் கேள், சொல்லாவிட்டால் கேட்காதே. அவள் வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சொல் முடிவான சொல். யாரைக் கேட்டுப் போனாய் என்று மட்டும் கேட்டுவிடாதே.

கடைசியாக ஒன்று இருக்கிறது. எழுத வெட்கமாக இருப்பதால் இத்தனை நேரம் தள்ளிக்கொண்டே வந்தேன். வயசானால் மறுபடி இறங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்போது நான் உன் வீட்டில் இருப்பேன் என்று வைத்துக்கொள். ஒரு காலையில் என் படுக்கை நனைந்திருக்கும். நான் உனக்குத் தெரியாமல் போர்வையை இழுத்து மூடப் பார்ப்பேன். உன் மனைவியைக் கூப்பிடாதே. அவள் நல்ல பெண்ணாக இருப்பாள், முகம் சுளிக்காமல் செய்வாள், இருந்தாலும் கூப்பிடாதே. பக்கத்தில் வந்து, "தூக்கட்டுமாம்மா?" என்று கேள். நான் சரி என்ற பிறகு தூக்கு. அந்தத் துணியை நீயே துவை. துவைத்து வீட்டுக்குப் பின்னால் ஒளித்துக் காயப்போடாதே, உன் மகன் பார்க்கிற இடத்தில் போடு.

உன் அம்மா